முதல் திட்டத்தை அழிக்காதீர்கள்: அரசுப் பணிகளின் பொறியாளர்களுக்கும் ஆய்வு அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

பொதுப்பணி, நீர்வளம், நெடுஞ்சாலை, நகராட்சி நிர்வாகம் ஆகிய துறைகளின் பொறியாளர்களுக்கும், மாதந்தோறும் ஆய்வுக் கூட்டங்களுக்குத் தலைமையேற்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பாலம், மதகு, குடிநீர்க் குழாய் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டுமானப் பணிகளில் திட்டமிடல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் தரப்பில் வேலை பார்த்தேன். சில ஆண்டுகள் ஆலோசகர் தரப்பில். உங்கள் துறைகளின் உதவிப் பொறியாளர்களோடு அளவுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை பட்டியல் சரிபார்த்த நாட்கள் பல. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பணி ஆணை கொடுத்த நாளில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கால அட்டவணையையும் மதிப்பீட்டையும், பணி முடிந்து கணக்கு முடிக்கும் வரை, யாரும் எந்தக் காரணத்துக்காகவும் மேலெழுதி அழிக்கக் கூடாது. ஒவ்வொரு மாத அறிக்கையும் அந்த முதல் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

அலுவலகப் பேச்சில் இதை நாம் பேஸ்லைன் என்கிறோம். எந்த மாதத்தில் எத்தனை மீட்டர் தோண்டுவது, எத்தனை கன மீட்டர் கான்கிரீட் போடுவது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை வேலை தொடங்குமுன்பே எழுதி உறையவைத்த கணக்கு அது. நடப்பது அதிலிருந்து விலகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு விலகியது, எப்போது விலகத் தொடங்கியது என்று சொல்வதற்காகவே அந்தக் கணக்கு இருக்கிறது. நம்மில் பலர் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் மென்பொருள் ஒரே பணிக்குப் பதினொரு பேஸ்லைன்களைத் தனித்தனியாகச் சேமித்துவைக்க இடம் தருகிறது. திட்டம் மாறும், ஆனால் பழையதும் இருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாமோ முதல் இடத்திலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஓர் ஆற்றுப் பாலத்தைச் சொல்கிறேன். எந்த ஆறு, எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பதினெட்டு மாத ஒப்பந்தம். மண் பரிசோதனை அறிக்கையை நம்பி, 24 பைல்களும், அதாவது பாலத்தின் பாரத்தைத் தாங்க நிலத்தில் துளையிட்டு இறக்கும் கான்கிரீட் அடித்தூண்களும், சராசரியாக 18 மீட்டரில் பாறையைத் தொடும் என்று கணக்கிட்டு, மதிப்பீட்டில் மொத்தம் 432 மீட்டர் எழுதியிருந்தார்கள். முதல் பைலில் 18 மீட்டர் இறங்கியபோது வந்தது சேறு கலந்த மணல். மேலும் துளையிட்டோம். ஓவர்சியர் அளவுக் கயிற்றை இறக்கி, நுனியில் கட்டிய குண்டு கெட்டியான அடியில் தட்டும் உணர்வு கைக்கு வரும்வரை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, கயிற்றில் மீட்டருக்கு ஒன்றாகக் கட்டியிருந்த துணி முடிச்சுகளை வாய்விட்டு எண்ணினார். இருபத்திரண்டு. இரண்டாவது பைலும் ஏறக்குறைய அப்படித்தான். ஐந்து பைல்கள் முடிந்தபோது துளையிட்ட நீளம் 110 மீட்டர். திட்டப்படி அது 90 மீட்டராக இருந்திருக்க வேண்டும்.

அந்த மாத அறிக்கையில் பைல் வேலை 25 விழுக்காடு முடிந்தது என்று எழுதி அனுப்பினோம். 432 மீட்டரில் 110 மீட்டர். கணக்கில் பிழை இல்லை. ஆனால் தளத்தில் நின்று பார்த்தவனுக்கு 24இல் 5 பைல்கள்தான் முடிந்திருந்தன, அதாவது 21 விழுக்காடுகூட ஆகவில்லை. எதிர்பார்த்ததைவிட ஆழமாகத் தோண்ட வேண்டியிருக்கிறது என்ற கெட்ட செய்தி, எதிர்பார்த்ததைவிட வேகமாக வேலை நடக்கிறது என்ற நல்ல செய்தியாக மாறி மேலே போனது. இருபதாவது பைல் முடிந்த மாதத்தில் நீளம் 440 மீட்டரைத் தாண்டியிருந்தது. அறிக்கைப்படி பைல் வேலை 100 விழுக்காட்டுக்கும் மேல்; ஆற்றுக்குள்ளோ நான்கு பைல்கள் தொடங்கப்படவே இல்லை. இப்படியே போனால் மொத்த நீளம் 528 மீட்டர் ஆகும், மதிப்பீட்டைவிட 96 மீட்டர் அதிகம் என்பதை ஐந்தாவது பைலின்போதே ஒரு துண்டுத் தாளில் யாரும் கணக்கிட்டிருக்கலாம். எங்கள் படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை. இதுவரை எவ்வளவு என்று அது கேட்டது. இன்னும் எவ்வளவு மிச்சம், அதை முடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. மூன்றாவது மாதத்தில் போயிருக்க வேண்டிய திருத்திய மதிப்பீடு பதினான்காவது மாதத்தில்தான் போனது. அதற்கு ஒப்புதல் வருவதற்குள் ஆற்றில் வெள்ளம் வந்து ஒரு பருவமே கைவிட்டுப் போனது.

அதே பதினான்காவது மாதத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் செய்தது என் கைதான். தள அலுவலகத் தகரக் கொட்டகையின் சுவரில் பெரிய பார் சார்ட் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு வேலைக்கும் மேலே கறுப்புக் கோடு, அது திட்டம். கீழே வாராவாரம் நாங்கள் சிவப்புப் பென்சிலால் நீட்டிக்கொண்டே வந்த கோடு, அது நடந்தது. தளத்தில் யார் வந்தாலும் ஒரே பார்வையில் தாமதம் தெரியும். உயர்மட்ட ஆய்வு ஒன்று வருகிறது, அட்டவணையை அப்டேட் செய்து கொடுங்கள் என்று எனக்கு மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். முடிவுத் தேதியை ஏழு மாதம் தள்ளிப் போட்டு, அதையே பேஸ்லைனாகப் பழையதன் மேல் சேமித்தேன். மறுநாள் அச்செடுத்து ஒட்டிய புதிய தாளில் கறுப்புக் கோடும் சிவப்புக் கோடும் அணு அளவும் பிசகாமல் ஒரே இடத்தில் முடிந்தன. ஆய்வுக் கூட்டத்தில் தாமதம் பூஜ்யம் என்று பதிவானது. சில ஆண்டுகள் கழித்து, காலதாமத அபராதம் யார் தலையில் விழ வேண்டும் என்ற தகராறு மத்தியஸ்தத்துக்குப் போனபோது, எந்த மாதத்தில் எந்த வேலை யாரால் நின்றது என்று காட்ட எங்களிடமும் ஆதாரம் இல்லை, துறையிடமும் இல்லை. அழிப்பதால் ஒரு தரப்பாவது லாபம் அடையும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து, செலவை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளக்கும் பழக்கம். ஒரு கிலோமீட்டர் மழைநீர் வடிகால், 2 கோடி ரூபாய், பத்து மாதம் என்று ஒரு பணியை வைத்துக்கொள்வோம். ஐந்தாவது மாத முடிவில் 500 மீட்டர் முடிந்திருக்க வேண்டும், அதன் மதிப்பு 1 கோடி. நிதி முன்னேற்றம் 55 விழுக்காடு, அதாவது 1 கோடியே 10 லட்சம் செலவாகிவிட்டது என்று அறிக்கை சொல்கிறது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், பாதிக்கு மேல் போய்விட்டதே என்று. தெருவில் இறங்கி டேப் பிடித்தால் 400 மீட்டர்தான் இருக்கிறது. அந்த 400 மீட்டருக்கு முதல் திட்டம் கொடுத்திருந்த மதிப்பு 80 லட்சம். 80 லட்சம் மதிப்புள்ள வேலைக்கு 1 கோடியே 10 லட்சம் போயிருக்கிறது. இதே விகிதம் தொடர்ந்தால் முழு வேலைக்கும் 2 கோடியே 75 லட்சம் ஆகும். இதே வேகத்தில் போனால் பத்து மாத வேலை பன்னிரண்டரை மாதம் இழுக்கும். ஐந்தாவது மாதத்திலேயே கையில் கிடைக்கும் எச்சரிக்கை இது. ஈட்டிய மதிப்பு என்று இந்தக் கணக்குக்குப் பெயர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இலேயே இதை 35 அளவுகோல்களாக வகுத்துத் தன் ஒப்பந்தக்காரர்கள்மீது விதித்தது. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஆனால் அந்த 80 லட்சம் என்ற எண் முதல் திட்டத்திலிருந்து மட்டுமே வர முடியும். மதிப்பீட்டைத் திருத்தியவுடன் பழைய விகிதத்தை அழித்துவிட்டால் இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை.

அளவுக்கு ஏற்ப, ஒப்பந்த விகிதத்தில்தானே நாங்கள் பணம் கொடுக்கிறோம், செலவு எப்படிக் கூடும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மீட்டருக்கு இவ்வளவு என்ற விகிதம் மாறுவதில்லைதான். மண்ணுக்குப் பதில் பாறை வருகிறது. ஊற்று நீரை இறைக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் கிடந்த குடிநீர்க் குழாயையும் மின் கேபிளையும் இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் கூடுதல் இனங்களாகத் தனிப் பட்டியலில் வருகின்றன. தொடக்கத்தில் கொடுத்த முன்பணமும் செலவுக் கணக்கில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் செலவும் அளவும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

விழுக்காட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பறக்கும் ரயில் பாதையே சாட்சி. வேளச்சேரி வரை 2007இல் ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் இணைப்பு, 495 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் கடைசி 500 மீட்டருக்கான நிலம் வழக்கில் சிக்கி, 4.5 கிலோமீட்டர் தூண்களும் பாலமும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 2022இல்தான் அந்தத் துண்டில் வேலை மீண்டும் தொடங்கியது. மதிப்பீடு 734 கோடியாக உயர்ந்தது. நீளத்தை வைத்து அளந்தால் அந்தப் பணி அத்தனை ஆண்டுகளும் 90 விழுக்காடு முடிந்த பணிதான். அதில் பயணம் செய்ய நினைத்தவருக்கு அது பூஜ்யம். 1,045 ஏரி குளங்களுக்குப் பவானி ஆற்று நீரைக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்திலும் நீரேற்று நிலையங்களை ஒட்டிய நிலம் கிடைப்பதில் ஏற்பட்ட இழுபறியும் முடிவுத் தேதியைத் தள்ளியது. 2019இல் 1,652 கோடியில் அடிக்கல் நாட்டிய அத்திட்டம், 1,916 கோடி ரூபாயில் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. நிலம் எடுப்பதும் வழக்கு முடிவதும் மின்கம்பங்களை இடம் மாற்றுவதும் நம் பார் சார்ட்டுகளில் பெரும்பாலும் ஒரு கோடாகக்கூட இடம்பெறுவதில்லை. அவற்றுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, பொறுப்பாளர் போட்டு முதல் திட்டத்திலேயே எழுதினால்தான், எது எதைத் தடுத்து நிற்கிறது என்று மாதாமாதம் தெரியும்.

திட்டத்தைத் திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாறை ஆழத்தில் இருந்தால் பைல் ஆழமாகத்தான் போக வேண்டும். வெள்ளம் வந்தால் காலநீட்டிப்புக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். திருத்தத்தை இரண்டாவது வரியாக எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால், யார் ஒப்புதலால் என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவது வரியில் நடந்ததை எழுதுங்கள். மத்தியப் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களுக்கு முதல் மதிப்பீட்டையும் இப்போது எதிர்பார்க்கும் மதிப்பீட்டையும் தனித்தனிக் கட்டங்களில் போட்டு நீண்ட காலமாக அறிக்கை வெளியிடுகிறது. நம் மாநிலத்தில் 2 கோடி ரூபாய் வடிகாலுக்கும் அதைச் செய்ய ஒரு பக்கத் தாள் போதும்.

இந்த மடலில் கடினமான பகுதி இனிமேல்தான். அது கூட்டத்தின் நடுநாற்காலியில் அமரும் அதிகாரிகளுக்கு. பொறியாளர்கள் முதல் திட்டத்தை ஏன் அழிக்கிறார்கள் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். சோம்பலால் இல்லை, மறைக்க ஊழல் இருப்பதாலும் பெரும்பாலும் இல்லை. மூன்றாவது மாதத்தில் தாமதத்தைச் சொன்னவர் அந்தக் கூட்டத்திலேயே எல்லோர் முன்னும் நிற்கவைக்கப்பட்டு வசவு வாங்குகிறார். பதினான்காவது மாதத்தில் சொன்னவர் எல்லோருடனும் சேர்ந்து சிக்கலில் இருக்கிறார், அவ்வளவுதான். தணிக்கை ஆட்சேபணை வரும்போது, விலகலை எழுதிவைத்தவரிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள்; எழுதாதவரிடம் கேட்க எதுவுமே இல்லை. இந்த ஏற்பாட்டில் உண்மையை முன்கூட்டியே எழுத ஓர் இளம் உதவிப் பொறியாளருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அன்று எனக்கு அந்தத் துணிச்சல் இருக்கவில்லை. ஐந்தாவது பைலின்போதே ஒருவர் எழுந்து, மொத்தம் 96 மீட்டர் கூடும், இப்போதே திருத்திய மதிப்பீடு அனுப்பலாம் என்று சொன்னால், அதை அவருடைய திறமையாகக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்ய உங்களால் முடியும். நிலத்தடியில் பாறை இறங்கியிருப்பது அவர் குற்றம் இல்லை. அதைப் பதினொரு மாதம் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம் என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் தாங்களாகவே எழுதத் தொடங்குவார்கள்.

அடுத்த மாத ஆய்வுக்கு வரும் கோப்புகளில் ஏதாவது ஒரு பணியை எடுத்துக்கொள்ளுங்கள். விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், பணி ஆணையோடு இணைத்திருந்த அந்த முதல் அட்டவணையை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். கோப்பில் அது இல்லையென்றால், தேடிக் கொண்டுவரும் வரை அந்தப் பணியின் ஆய்வைத் தள்ளிவையுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஓய்வு பெற்ற திட்டமிடல் பொறியாளர் ஒருவர்