வத்தல்மலைக்கு நடந்து ஏறும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

விடுமுறை நாள்களில் தருமபுரியிலிருந்தும் ஓசூர், பெங்களூரிலிருந்தும் வந்து, வத்தல்மலைச் சரிவில் ஆளில்லாமல் கிடக்கும் தோட்டத்துக்கு நடந்து போகிறீர்கள். தாராளமாகப் போங்கள். மழை ஓய்ந்த பிறகு அந்த ஒற்றையடிப் பாதையில் ஏறி, பாதி வழியில் நின்று கீழே தருமபுரிச் சமவெளியைப் பார்ப்பதற்கு ஈடான காட்சி எங்கள் மாவட்டத்தில் அதிகம் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்துக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். அடிவாரத்தில் வாழும் எனக்கு அவர்களைத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

3,000 அடிக்கு மேல் இருக்கும் மலையூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்தது இந்தப் பாதை வழியாகத்தான். பிறகு 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை வந்தது. குடும்பங்கள் சாலையோரத்துக்கு நகர்ந்தன. அது நியாயம்தான்; பிரசவ வலியோடு யாரும் காட்டில் நடக்கக் கூடாது. சாமைக் கதிர் முற்றும் வேளையில் காட்டுப்பன்றி புகுந்துவிடும். இரவெல்லாம் பரணில் காவல் இருக்க வேண்டிய பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பெங்களூர்க் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். வயதான இருவர் எத்தனை இரவுதான் தகரம் தட்டுவார்கள்?

வீட்டைவிட்டு வந்தார்களே தவிர, மரங்களை விடவில்லை. மார்கழி, தையில் காப்பிப்பழம் பறிக்க வருகிறார்கள். அடுத்து, சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகு. அந்த மரங்களே பேத்தியின் கல்யாணச் செலவுக்கு என்று நிற்பவை.

போன மாதம் அந்த வீட்டின் கதவு உடைக்கப்பட்டு விறகாக எரிந்து கிடந்தது. காப்பிக் கிளைகள் பழத்தோடு முறிந்திருந்தன. சுனையில் பிளாஸ்டிக் பாட்டில்கள். களத்து ஓரத்தில் மரத்தடிக் கல்லின் மேல் செருப்புத் தடம். அது அவர்கள் பொங்கல் வைக்கும் சாமி. தோட்டத்துக்கு உரிய பெரியவர் என்னிடம் கோபப்படவில்லை. "யாரும் இல்லைன்னு நினைச்சிருப்பாங்க" என்றார். எனக்குத்தான் கோபம் தீரவில்லை.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாசி, பங்குனியில் இந்தச் சரிவும் அதே காய்ந்த புல்தான். அந்த இரண்டு மாதமும் வராதீர்கள். மற்ற நாள்களிலும் அடுப்பு மூட்டாதீர்கள். வழியில் காப்புக்காடு குறுக்கிடுகிறது. அனுமதியின்றி அதற்குள் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மேலே ஊரில் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு, நாள்கூலி பேசிக் கொடுங்கள். கரடி எந்தப் புதரில் படுக்கும் என்பது கைப்பேசி வரைபடத்தில் வராது. சொல்லிவைத்தால் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆக்கித் தருவார்கள்; அதற்கும் உரிய விலை கொடுங்கள். தோட்டத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தையில் பழம் பறிக்க ஆள் போதாமல் திண்டாடுகிறார்கள். கேட்டுப் போனீர்கள் என்றால், உங்கள் கையிலும் ஒரு கூடை கொடுப்பார்கள்.

அன்புடன்,
அடிவாரத்து ஊர்க்காரன்