நம் தமிழ் சப்டைட்டிலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

போன சனிக்கிழமை நாம் சேர்ந்து பார்த்த ‘வாட்ஸ் சோ பேட் அபௌட் ஃபீலிங் குட்?’ படத்தின் தமிழ் சப்டைட்டிலுக்காக எல்லோரும் என்னைப் பாராட்டினீர்கள். அதில் பாதிக்கு மேல் மற்றவர்களின் உழைப்பு. அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

படத்துக்கு வர முடியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1968இல் ஜார்ஜ் சீட்டன் இயக்கியது. டூக்கன் பறவை ஒன்று நியூயார்க்குக்குள் ஒரு கிருமியைக் கொண்டுவருகிறது. தொற்றிக்கொண்டவர்களுக்குச் சந்தோஷம் வந்துவிடுகிறது! அதிகாரத்தில் இருப்பவர்கள் பதறிப்போய் அதற்கு மருந்து தேடுகிறார்கள்.

டூக்கனை நான் முதலில் ‘இருவாச்சி’ என்றுதான் எழுதியிருந்தேன். பறவை பார்க்கப் போகும் தம்பி ஒருவர் இரவு பதினோரு மணிக்கு போன் செய்தார். “அண்ணா, அலகு பெரிசா இருந்தா இருவாச்சி ஆயிடுமா? இருவாச்சி ஆசியா, ஆப்பிரிக்கா பக்கம் இருக்கு. இது அமெரிக்கக் கண்டத்துப் பறவை, குடும்பமே வேற.” டூக்கன் டூக்கனாகவே இருக்கிறது என்றால் அது அவரால்தான்.

பெரிய கடன் அக்காவுக்கு. கடுகடுவென்று இருந்த மனிதர் கனிவாக மாறுவதை ஆங்கில வசனத்தில் குரல்தான் காட்டுகிறது. நீ, நீங்கள் இரண்டுக்கும் அங்கே ஒரே சொல். என் வரிகளில் அந்த மாற்றம் தெரியவே இல்லை. அக்கா வாசித்துவிட்டு, “கிருமி தொத்துற வரைக்கும் ‘நீ’, தொத்தினதும் ‘நீங்க’ன்னு போடேன்” என்றார். அவ்வளவுதான், படமே திறந்துகொண்டது. அன்று ராத்திரியே முதல் வரியிலிருந்து திருத்த உட்கார்ந்தேன். முதல் ‘நீங்க’ திரையில் வந்ததும் எழுந்த சிரிப்பு முழுக்க அக்காவுக்குச் சேர வேண்டியது.

வசனம் வரும் நேரத்துக்கு வரிகளைப் பொருத்திக் கொடுத்த இருவருக்கும் நன்றி. திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, நம் சொற்களோ நீளம். வெட்டச் சொல்லி நீங்கள் பிடிவாதம் பிடித்தது சரிதான்.

அப்புறம், நண்பரின் அம்மா. எங்களுக்காக முன்கூட்டியே படத்தைப் பார்த்து, படித்து முடிக்கும் முன் வரி மறைந்த இடங்களை எல்லாம் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். மொத்தம் முப்பத்தொரு இடங்கள். அம்மா, அத்தனையையும் சரிசெய்துவிட்டேன். இன்னொரு முறை போட்டுக் காட்ட எப்போது வரட்டும்?

அன்புடன்,
உங்கள் சப்டைட்டில்காரன்