டிவி திருப்பணி நிறைவு: கணக்கும் கொஞ்சம் விளக்கமும்

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம். மன்றத்தின் பழைய டிவியை எடுத்துவிட்டு 43 அங்குல டிவி மாட்டியதற்கு டீக்கடை பெஞ்சில் 'திருப்பணி' என்று பெயர் வைத்துவிட்டீர்கள், சரி, இருக்கட்டும். செயலாளர் கமிஷன் அடித்தார் என்ற பேச்சும் அதே பெஞ்சிலிருந்துதான் கிளம்பியது. அதனால் இது கொஞ்சம் நீளும்.

2006-க்கு அப்புறம் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்தபோதும் மேட்ச் என்றால் கூட்டம் நம் 29 அங்குலப் பெட்டி முன்னால்தான். பிக்சர் ட்யூப் மங்கி, பந்து எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியாமல் போன பிறகுதான் மாற்றினோம்.

"32 போதுமே, ஏன் 43?" என்று கேட்டவர்களுக்கு: டேப் வைத்து அளந்தோம். பழைய பெட்டியில் படத்தின் உயரம் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 32 அங்குல டிவியில் 16 கூட வராது, அகலம்தான் கூடும். காசு கொடுத்துச் சின்னப் படம் வாங்கவா?

முதல் நாள் ஆட்களின் முகமெல்லாம் உப்பித் தெரிந்து, பழையதே தேவலை என்று சத்தம் போட்டீர்களே, அது டிவியின் குற்றம் இல்லை. பழைய செட்டாப் பாக்ஸ், அதே மஞ்சள் ஒயர். 576 கோடுள்ள, கிட்டத்தட்டச் சதுரமான படத்தை 1080 கோடுள்ள அகலத் திரைக்கு இழுத்தால் அப்படித்தான் வரும். கேபிள்கார அண்ணன் காசு வாங்காமல் ஹெச்டி பாக்ஸ் மாற்றிக் கொடுத்தார், சரியாகிவிட்டது.

இப்போது சுவர் விவகாரம். மாட்டித் தர 1,500 என்று பேசித்தான் ஆளை வைத்தோம். நம் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர், டிரில் புட்டுக்குள் போவதுபோல் போனது, செங்கல் தூள் கேரம் போர்டு மேலெல்லாம் கொட்டியது. ராவல் பிளக் (திருகைப் பிடிக்கச் சுவரில் சொருகும் பிளாஸ்டிக் குழாய்) ஓட்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்க, அவர் மரக்குச்சியைச் சொருகி முறுக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் டிவியின் இடது மூலை தொங்குகிறது! நாற்பது கிலோவுக்குக் குறையாத பெட்டியை ஒரு மேசை தாங்கியது, எட்டு கிலோ டிவியை இந்தச் சுவர் தாங்கவில்லை. கூப்பிட்டால், "சுவர் உங்களுது சார், அதுக்கு நான் என்ன பண்றது" என்றார். தரையிலிருந்து இரும்பு ஆங்கிள் ஃபிரேம் அடிக்க மேற்கொண்டு 3,800 கேட்டார், இரண்டு மணி நேரம் வாதாடி 2,800-க்கு இறக்கினோம். ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்று பொருளாளர் எழுந்தே போய்விட்டார். வெளியே விசாரித்த வெல்டர் 5,500 சொன்னார், அதனால்தான் இவரிடமே கொடுத்தோம். கடல் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் இரண்டு கோட் அடிக்க வைத்ததும் அந்தக் காசிலேயே. முதலிலேயே சுவரைத் தட்டிப் பார்க்காதது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறோம். கமிஷன் இல்லை.

ஒயரிங்கும் முடிந்தது, இனி கணக்கு.

வரவு: உறுப்பினர் 62 பேர் தலைக்கு 300 வீதம் 18,600. மீன் ஏல அண்ணன் 5,000, ஐஸ் கடை 3,000, கப்பலில் வேலை பார்க்கும் நம் தம்பி 2,500, ஆட்டோ ஸ்டாண்டு 2,000, இடியாப்பக் கடை அக்கா 1,001, வலை பின்னும் தாத்தா 101 (வேண்டாம் என்றாலும் கையில் திணித்தார்). மொத்தம் 32,202.

செலவு: டிவி 24,500, ஸ்டெபிலைசர் 2,200, ஹெச்டிஎம்ஐ கேபிள் 350, எலக்ட்ரீஷியன் 900, மாட்டியதும் ஃபிரேமும் 4,300. மொத்தம் 32,250. துண்டு விழுந்த 48 ரூபாயைப் போட்டவர், எழுந்து போன அதே பொருளாளர்.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்கு ஏன் போடவில்லை என்கிறீர்கள். காப்பர் காயிலுக்காக ட்யூபை உடைப்பார்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மின்கழிவு எடுப்பவர்களிடம் சும்மாவே கொடுத்தோம். ரசீது பொருளாளரிடம் இருக்கிறது.

வாசல் பக்கம் ஓரமாக உட்காருபவர்களுக்கு நிறம் வெளுத்துத் தெரிகிறது என்பது உண்மைதான். பழைய பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஃபிரேமை மட்டும் யாரும் தொட வேண்டாம்.