சளிக்கு எதற்கு சிப்ரோ?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் தெரு மருந்துக்கடையில், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒருவர் இரண்டே இரண்டு சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ) ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டார். கிடைத்தது. மருந்துச் சீட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சளி வைரஸால் வருவது, பாக்டீரியாவின் டி.என்.ஏ. பிரதியெடுப்பை முடக்கும் இந்த மருந்துக்கு அங்கே என்ன வேலை?

மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிப்பில் கிடைத்த உபபொருள் ஒன்றின் வழியாக 1962-இல் அறிமுகமானது, இந்த மருந்துக் குடும்பத்தின் மூத்ததான நாலிடிக்சிக் அமிலம். ஃப்ளூரின் சேர்ந்த அதன் வாரிசுகளே சிப்ரோவும் லெவோஃப்ளாக்சசினும். சிக்கலான சிறுநீரகத் தொற்றுக்கும், மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் இவை தேவைப்படுகின்றன. டைபாய்டுக்கு ஒரு காலத்தில் கைகண்ட மருந்து. கண்டபடி விழுங்கியதில், இந்தியாவில் இன்று அதற்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை.

இந்த மருந்துகளால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்று 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரித்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். கடையில் நின்றவருக்கும் அறுபதுக்குக் குறையாது. (பாலோடு விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது என்பதையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.)

சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். மருந்து ஆய்வாளர்கள் மாலை நேரத்தில் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்