சந்தோஷத்தைப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களே,

பிரசங்க மேடையிலிருந்து நீங்கள் சந்தோஷத்தைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவள் நான். கிறிஸ்து தரும் சந்தோஷம் உண்மை. அதற்கு நானே சாட்சி. ஆனால் அதைப் பாதியாக உடைத்து எங்கள் கையில் கொடுத்துவிடுகிறீர்களோ என்ற வருத்தத்தில் இதை எழுதுகிறேன்.

என் அம்மா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆராதனையில் பாடிக்கொண்டிருந்தபோது தொண்டை அடைத்து அழுதுவிட்டேன். ஆராதனை முடிந்ததும் ஒருவர் அருகில் வந்து, "விசுவாசி இப்படி அழலாமா? அம்மா கர்த்தரிடம்தானே இருக்கிறார்கள். எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று வேதம் சொல்லுகிறதே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தான் கேட்ட பிரசங்கத்தைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு பல மாதங்கள் ஆலயத்தில் சிரித்தேன். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். என் விசுவாசத்தில்தான் ஏதோ பழுது என்று நம்பினேன்.

ஒரு நாள் மாலை, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய பிலிப்பியர் நிருபத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். நான்கே அதிகாரங்கள். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனம் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முன்பே, முதல் அதிகாரத்தில், பவுல் தன் கட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறார். கைதியாக இருந்து எழுதிய கடிதம் அது. இரண்டாம் அதிகாரத்தில் அவருடைய உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்த செய்தி வருகிறது. "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார் பவுல். அந்த வார்த்தைகளில் என் கண் நின்றுவிட்டது. நண்பன் இறந்திருந்தால் துக்கப்பட்டிருப்பேன் என்று வெட்கமில்லாமல் எழுதுகிற மனிதர்தான் சந்தோஷமாயிருங்கள் என்றும் எழுதுகிறார். இத்தனை ஆண்டுகளில் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த ஊரையும் நினைத்துப் பாருங்கள். அதே பிலிப்பியில்தான் பவுலையும் அவரோடு ஊழியம் செய்த சீலாவையும் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் அவர்கள் பாடினார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்லுகிறது. அன்று இரவே அவர்களுடைய காயங்களைக் கழுவிய சிறைச்சாலைக்காரனும் இந்தக் கடிதம் வாசிக்கப்படும்போது சபையில் உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடும். இந்தச் சந்தோஷத்தின் விலை அவனுக்குத் தெரியும்.

"கர்த்தருக்குள்" என்ற சொல்லை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். என் சந்தோஷம் என் உடல்நலத்திலும் வருமானத்திலும் வீட்டாரின் ஆயுளிலும் வேர்விட்டிருந்தால், அவை ஆடும்போது அதுவும் ஆடும். மரித்து உயிர்த்தெழுந்த ஒருவருக்குள் அது இருந்தால், நான் அழும்போதும் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மரித்த லாசருவை உயிரோடு எழுப்பப்போகிற இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நடக்கப்போவது தெரிந்தும் விட்டார்.

என் அம்மாவின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தில், அத்திமரம் தொடங்கித் தொழுவத்து மாடு வரை அந்தத் தீர்க்கதரிசி வரிசையாகச் சொல்லும் ஆறு இழப்புகளையும் பென்சிலால் அடிக்கோடிட்டிருக்கிறார். ஓரத்தில் ஓர் ஆண்டு எழுதியிருக்கிறது. அப்பா வேலையை இழந்த ஆண்டு அது. அடுத்த வசனம், "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியின்மேல், பின்னொரு நாளில், நீல மையில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஆண்டுகளோ, அம்மா சொன்னதே இல்லை. "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று பவுல் சொல்லும்போது, கற்றுக்கொள்ள அவருக்கும் காலம் பிடித்தது என்றுதானே பொருள்?

ஐயா, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. அடுத்த முறை பிலிப்பியர் 4:4ஐப் பிரசங்கிக்கும்போது, துக்கத்தின்மேல் துக்கம் என்று சொல்லும் 2:27ஐயும் வாசியுங்கள். விடியலைக் காணாமலே முடிகிற 88ஆம் சங்கீதத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சத்தமாக வாசிக்க விடுங்கள். சாட்சி நேரத்தில், இன்னும் பதில் கிடைக்காதவர்களும் எழுந்து பேசட்டும். துக்க வீட்டில் வசனம் சொல்லுமுன் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். எனக்கு அப்படி ஒருத்தி கிடைத்தாள். சபையில் வயதான அக்கா. வந்தார், சமையலறையில் குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவினார், என் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு அழுதார். போகும்போது தலையில் கை வைத்து ஜெபித்தார், அவ்வளவுதான். அன்று இரவு, அம்மா போன பிறகு முதல் முறையாக, குழாயைத் திறக்காமல் அழுதேன். அழுகைக்கு நடுவே ஸ்தோத்திரம் என்ற சொல் தானாக வந்தது. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

கிறிஸ்துவின் அன்பில்,
கடைசி வரிசையில் உட்காரும் உங்கள் சகோதரி