பூக்கார அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

முதலில் தகவலைச் சொல்லிவிடுகிறேன்: கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற என் சிஸ்டம் ஓடுகிறது. நேற்று ராத்திரி பூராவும் ஓடியது, இதை எழுதும்போதும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு தடவைகூட அணையவில்லை. என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், உங்களில் பாதிப் பேரை நடுராத்திரியில் எழுப்பிப் புலம்பியவன் நான்தான், அதனால் சிஸ்டம் தானாக அணைந்து அணைந்து போய் ஆல்பங்கள் தேங்கி நின்ற அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பிக்கப் போவதில்லை. வைகாசி முகூர்த்த நேரத்தில், அதுவும் திருப்பரங்குன்றத்தில் கடை வைத்திருக்கிற வீடியோக்காரனுக்கு இப்படி ஒன்று வரக்கூடாது, அவ்வளவுதான். தூங்கி எழுந்தால் கூச்சம் வந்து எழுதாமல் விட்டுவிடுவேன், அதனால் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

தன் எடிட்டிங் சிஸ்டத்தையே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய உசிலம்பட்டி அண்ணன், ஹார்ட் டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றிக் கொடுத்த டவுன்ஹால் ரோடு நண்பர், யுபிஎஸ் கொடுத்த ஜெராக்ஸ் கடை மாமா, "ஆல்பம் என்ன தம்பி, மெதுவா குடுங்க, பொண்ணு மாப்பிள்ளை எங்கயும் ஓடிடப் போறதில்ல" என்று சிரித்துக்கொண்டே போன அந்த மேலூர் வீட்டுப் பெரியவர், கேட்காமலே டீ அனுப்பிக்கொண்டிருந்த மாஸ்டர், எல்லாருக்கும் நன்றி. திட்டிய இரண்டு வீட்டாருக்கும் நன்றி, அவர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது.

அப்புறம் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் ரூம் எடுத்து இயற்பியல் ஆராய்ச்சி செய்கிற தம்பி. இவன் செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அப்படி என்னத்தத்தான் நோண்டினீங்க" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். என் சிஸ்டத்தில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு, இரண்டுமே ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. பகலில் எடிட்டிங். ராத்திரி சும்மா கிடக்கிற நேரத்தில் பாயிங்க் என்ற புரோகிராம் வழியாக ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். 2005-இல் தொடங்கிய திட்டம் அது. ஈர்ப்பலைக் கருவிகள், ரேடியோ தொலைநோக்கிகள், ஃபெர்மி செயற்கைக்கோள் இவற்றின் தரவைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க இருக்கிற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள், நம் சிஸ்டம் அதில் துடிவிண்மீனின், அதாவது சுழன்றுகொண்டே விட்டு விட்டுத் துடிக்கிற மாதிரி தெரிகிற பல்சர் நட்சத்திரத்தின், துடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று சலித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும். 2010-இல் அமெரிக்காவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரும் ஜெர்மனியில் ஒருவருடைய கம்ப்யூட்டரும் சேர்ந்து அப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அதைப் படித்த பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. வீடியோக்காரனுக்கு இது எதற்கு என்று என் மச்சான் கேட்டார். அவர் சீட்டு விளையாடுவார், நான் இது செய்கிறேன்.

விஷயம் என்னவென்றால், பாயிங்க் தானாக விட்டால் இருப்பதிலேயே திறமையான கார்டை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மாடல் என்றால் இரண்டையும் எடுத்துக்கொள்ளும். ஒரு கார்டு முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும், இரண்டுக்கும் 340, இதோடு பிராசசர் வேறு, அத்தனையும் என் சின்ன அறையில், இந்த வெக்கையில். அதனால் ஒரு கார்டை மட்டும் கணக்குக்கு விட்டுவிட்டு, மானிட்டர் செருகியிருக்கிற மற்ற கார்டைத் தொடாதே என்று அதனிடம் சொல்ல வேண்டும். அதற்கு மெனுவில் பட்டன் கிடையாது. சிசி கான்ஃபிக் என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் எழுதி, விண்டோஸில் ஒளிந்துகிடக்கிற புரோகிராம் டேட்டா ஃபோல்டருக்குள் பாயிங்க் ஃபோல்டரைத் தேடி அங்கே வைக்க வேண்டும்.

தம்பி நினைத்திருந்தால் என் ஸ்கிரீனைத் தன் பக்கம் வாங்கிப் பொசுக்கென்று முடித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் போனிலேயே என்னை ஒவ்வொரு எழுத்தாக அடிக்கவைத்தான். நோட்பேட் பெயருக்குப் பின்னால் ஒரு டிஎக்ஸ்டி-யை ஒட்டிவிடும் அண்ணே, ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றிவிட்டு சேவ் பண்ணுங்க என்று முன்கூட்டியே சொன்னான். ஒரு திட்டத்துக்கு மட்டும் கார்டை விலக்க 'எக்ஸ்க்ளூட் ஜிபியு', எந்தத் திட்டமும் தொடக்கூடாது என்றால் 'இக்னோர் என்விடியா டெவ்', உங்களுக்கு இரண்டாவதுதான் என்றான். எண் விஷயத்தில் அவன் சொன்னதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்: கார்டுகளை 0, 1 என்றுதான் எண்ணுவார்கள், ஆனால் கார்டுகளின் நிலையைக் காட்டுகிற என்விடியா எஸ்எம்ஐ என்ற புரோகிராம் காட்டுகிற வரிசையும் பாயிங்க் எடுத்துக்கொள்கிற வரிசையும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக்கூடாது. முதலாவது மதர்போர்டில் செருகிய இடத்தை வைத்து எண்ணுகிறது, மற்றது கூடா என்ற என்விடியா மென்பொருள் சொல்கிற வரிசையில் போகிறது. ஒரே மாடல் என்பதால் பெயரைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு எண்ணை விலக்கி எழுதி, பாயிங்க்கை மூடித் திறந்து, எஸ்எம்ஐ-யில் எந்த வரியில் வேலை 100 சதவீதம் ஏறுகிறது, எந்த வரியில் டிஸ்ப்ளே ஆன் என்று இருக்கிறது என்று பார்த்தோம். இரண்டும் வேறு வேறு வரியில் இருந்தால் சரி. இருந்தது. மேல் கார்டு ஓய்வு, கீழ் கார்டு வேலை. பாயிங்க்கின் ஈவென்ட் லாகிலும் ஒரு கார்டை ஒதுக்கிவிட்டதாக வரி வந்தது. ராத்திரி எத்தனை மணிக்குப் போனை வைத்தோம் என்று அவன் அம்மாவுக்குத் தெரிந்தால் என்னை வீட்டுப் பக்கம் சேர்க்கமாட்டார்.

ஃபைலில் ஒரு குறையும் இல்லை. சொன்ன கார்டுதான் ஓடியது. அப்படியும் விடிவதற்குள் சிஸ்டம் அணைந்துவிட்டது.

இனிமேல்தான் அக்கா கதை.

என் கடை ஜன்னலுக்கு நேர் கீழே பூக்கூடை வைத்திருக்கிற அக்காவை உங்களுக்குத் தெரியும், கோயிலுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அவரிடம்தான் வாங்குவார்கள். அன்றைக்குக் காலையில் நான் ஷட்டரைப் பாதி திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், யார் முகத்திலும் முழிக்கப் பிடிக்கவில்லை. அக்கா ஜன்னலைத் தட்டி, "தம்பி, உன் டப்பா அனலா அடிக்குதுய்யா, மல்லி வதங்குது" என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்திருந்தாலும் தப்பில்லை. மதுரை மல்லிக்கு 2013-இலேயே புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது, ஆனால் சூட்டுக்காற்று பட்டால் அந்த மொட்டும் மற்ற மொட்டு மாதிரித்தான் வதங்கும், நஷ்டம் அக்காவுக்கு. ஈரத்துணி போட்டு மூடி, கூடையை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்தி எத்தனை நாளாகச் சமாளித்துக்கொண்டிருந்தாரோ, ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொன்னேன், குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அக்கா ஒன்றும் பேசவில்லை. கூடைக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குள்ளே வந்தார். டீக்கடை ஃபேன், பஸ் போகிற காற்று, எது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்தப் புகையைப் பார்த்துத்தான் அவர் தினமும் கூடைக்கு இடம் பிடிப்பாராம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும், இத்தனை வருஷமாக சாமிக்கு ஏற்றுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

ஜன்னலைப் பார்த்து நிற்கிற கேபினட்டின் முன்பக்க வலையில் பத்தியைக் காட்டினார். புகை எங்கள் முகத்துக்கு வந்தது. பின்பக்கம் காட்டினார், அங்கேயும் வெளியே தள்ளியது. மேல் பக்கமும் அப்படித்தான். அக்கா என்னைப் பார்த்து, "எல்லாப் பக்கமும் வெளியவே தள்ளுனா உள்ள காத்து எங்கிட்டுய்யா வரும்?" என்றார்.

முன்பக்க ஃபேன்தான் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டாவது கார்டு போட்ட சமயத்தில் கூடுதலாக மாட்டிக் கொடுத்த அந்த இரண்டு ஃபேனும் திருப்பி மாட்டப்பட்டிருந்தன. எந்தக் கடை என்று கேட்காதீர்கள், நான் சொல்லமாட்டேன். ஃபேன் சட்டத்தில் காற்று போகிற திசைக்கு ஒரு அம்புக்குறி இருந்தது, சிஸ்டம் பார்க்க வந்த அத்தனை பேரும் டிரைவரையும் பவர் சப்ளையையும் சந்தேகப்பட்டார்கள், அந்த அம்பை யாரும் பார்க்கவில்லை. ஃபேனுக்கு நாலு ஸ்க்ரூ. கழற்றித் திருப்பி மாட்டி முடிக்கிற வரைக்கும் அக்கா நின்று செல்போன் டார்ச் பிடித்தார், வெளியே யாரோ இரண்டு முழம் கேட்டுக் கூப்பிட்டதற்கு "இருங்க வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு நின்றார். காலை நேர வியாபாரம் அது. அப்புறம் பத்தியை மறுபடி காட்டினோம். புகை உள்ளே போனது.

காற்று நேராகக் கீழ் கார்டுக்குத்தான் முதலில் போகிறது, அதன் சூட்டை மேல் கார்டு வாங்கிக்கொள்கிறது. ஆக தம்பி எழுதவைத்த எண்ணே சரி, அதை மாற்றவில்லை. ஒன்று மட்டும் சேர்த்தேன்: எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் பாயிங்க் கார்டை விட்டு ஒதுங்கிக்கொள்ள அதே ஃபைலில் 'எக்ஸ்க்ளூசிவ் ஜிபியு ஆப்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு நானே எழுதினேன். தம்பி, இதைப் படித்தால் சந்தோஷப்படு.

பணம் கொடுத்தேன், அக்கா வாங்கவில்லை. "அந்த டப்பாவ வேற பக்கமா திருப்பி வையி, அது போதும்" என்றார். ராத்திரியில் இது என்ன செய்கிறது என்று கேட்டார், வானத்தில் நட்சத்திரம் தேடுகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "கரண்ட் பில்லு யாரு கட்டுறா?" என்றார். நான்தான் என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வையை என் மச்சான் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் உதவி கேட்டது எல்லாம் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களிடம், அவர்களும் குறைவைக்கவில்லை. அக்காவிடம் நான் கேட்கவே இல்லை. என் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தவர் அவர். கோபப்பட எல்லா உரிமையும் இருந்தும் பத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் வந்திருப்பேனா என்று ராத்திரி யோசித்தேன். தெரியவில்லை.

சரி, இனி செய்யப்போவது. சிஸ்டத்தை உள்சுவர்ப் பக்கம் மாற்றியாகிவிட்டது, சூட்டுக்காற்று மாடிப்படிப் பக்கம் போக வழி செய்கிறேன், கார்ப்பெண்டரிடம் சொல்லியிருக்கிறேன். வருகிற வருஷத்திலிருந்து கத்திரி வெயில் முடிகிற வரைக்கும் பாயிங்க் ஓடாது, துடிவிண்மீன் காத்திருக்கும். கடையில் சாமி படத்துக்கும், நான் எடுக்கிற கல்யாணங்களில் கடைசி நேரத்தில் பூ வேண்டும் என்கிறவர்களுக்கும் அக்காவிடம்தான் வாங்குவேன், பேரம் பேசமாட்டேன்.

உசிலம்பட்டி அண்ணனின் சிஸ்டம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். பாக்கி ஆல்பங்கள் இந்த வாரத்துக்குள் முடிந்துவிடும், தயாரானதும் நானே போன் செய்கிறேன். உங்களில் யாராவது இரண்டு கார்டு வைத்துக்கொண்டு இதே மாதிரி முழித்துக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வாருங்கள், அந்த ஃபைலை உட்கார்ந்து எழுதிவிடலாம். ஊதுபத்தி கீழே கிடைக்கும்.