ஆண்டறிக்கை: ஆண்டனி குயினோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். திறந்தாவது பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

நம் திரைப்படச் சங்கத்தின் செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆள் சேராமல் தள்ளிவைத்த கூட்டங்களும் உண்டு. மாணவர்களுக்கான குறும்படப் போட்டி நடந்து பரிசுகள் வழங்கப்பட்டன. மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். பொங்கல் குடும்பச் சந்திப்பு சிறப்பாக நடந்தது. அன்றைக்கு மட்டும் நாற்காலி போதவில்லை, சாப்பாடு இருந்தது.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். ஹாலிவுட் நடிகர் ஆண்டனி குயின் படங்களின் திரையிடல் வரிசை என் யோசனைதான். "ஒரே ஆளுக்கு ஒரு வருஷமா?" என்று செயற்குழுவிலேயே ஒரு குரல் எழுந்தது. அப்புறம் அதே கேள்வி டீ குடிக்கும் இடத்திலும் வாசலிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரில் யாரும் கேட்கவில்லை என்றாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

குயின் 1915 ஏப்ரல் 21 அன்று மெக்சிகோவின் சிவாவா நகரில், புரட்சி நடந்துகொண்டிருந்த நாளில் பிறந்தார். குயின் என்பது தந்தை வழியில் வந்த ஐரிஷ் பெயர். தாய் மெக்சிகோக்காரர். கைக்குழந்தையாக எல்லை தாண்டி டெக்சாஸின் எல் பாசோவுக்கும், பிறகு லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதிக்கும் வந்தார். பள்ளி வயதிலேயே தந்தை இறந்துவிட, கிடைத்த வேலையெல்லாம் செய்தார், குத்துச்சண்டை உட்பட. கட்டடக் கலை படிக்கப் போனவரிடம், உன் பேச்சு தெளிவாக இல்லை, முதலில் அதைச் சரிசெய் என்றவர் பெரிய கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட். நாக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. பேச்சைத் திருத்த நடிப்புப் பள்ளிக்குப் போன பையன் அங்கேயே தங்கிவிட்டான்.

1936இல் திரைக்கு வந்தார். மறுவருடம் இயக்குநர் செசில் பி. டிமிலின் வளர்ப்பு மகள் கேத்தரினைத் திருமணம் செய்துகொண்டார். மாமனார் டிமில் என்றால் ஹாலிவுட்டில் எல்லாக் கதவும் தானாகத் திறந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். திறக்கவில்லை. செவ்விந்தியன், கடற்கொள்ளையன், அரபு ஷேக், கூலிக்குக் கொலை செய்பவன் என்று கதாநாயகனிடம் அடிவாங்கிச் சாக ஓர் ஆள் வேண்டியபோதெல்லாம் அவரைக் கூப்பிட்டார்கள். முகம் கொஞ்சம் கறுத்து, மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருந்தால் போதும், எந்த நாட்டுக்காரனாகவும் ஆக்கிவிடலாம் என்பது அன்றைய ஸ்டூடியோக்களின் கணக்கு. அலுத்துப்போய் நாடக மேடைக்குப் போனார். 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' நாடகத்தில் நடிகர் மார்லன் பிராண்டோ புகழாக்கிய ஸ்டான்லி கோவால்ஸ்கி பாத்திரத்தை அங்கே ஏற்று நடித்தார்.

அதே பிராண்டோவோடு 1952இல் இயக்குநர் எலியா கசானின் 'விவா சபாட்டா'வில் சேர்ந்தார். இங்கேதான் விஷயம் இருக்கிறது. மெக்சிகோப் புரட்சியின் நாயகன் சபாட்டாவாக, முகத்தில் ஒப்பனை போட்டுக்கொண்டு, அமெரிக்கரான பிராண்டோ. அந்தப் புரட்சியின் நடுவே பிறந்த குயினுக்கு, குடித்துக் கெட்டுப்போகும் அண்ணன் யூஃபேமியோ வேடம். தன் தந்தை புரட்சித் தளபதி பாஞ்சோ வில்லாவின் படையில் இருந்தவர் என்று குயின் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஆஸ்கார் அண்ணனுக்குத்தான் கிடைத்தது. மெக்சிகோவில் பிறந்த நடிகர் ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. நான்கு ஆண்டு கழித்து 'லஸ்ட் ஃபார் லைஃப்' படத்தில் ஓவியர் கோகன் வேடத்துக்கு இரண்டாவது ஆஸ்கார். அதில் அவர் திரையில் இருப்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு. நம் கூட்டங்களுக்குக் கடைசியில் வந்து முதலில் கிளம்பும் நண்பர்கள் கவனிக்க: குறைந்த நேரத்திலும் இப்படிச் சாதிக்க முடியும்.

வரிசையின் முதல் படம் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'லா ஸ்த்ராதா' (1954). குயின் நடிக்கும் சம்பனோ தெருவில் வித்தை காட்டுபவன். மார்பைச் சுற்றி இரும்புச் சங்கிலி, மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தால் கொக்கி தெறிக்க வேண்டும். ரத்தம் வரலாம், பயப்படுகிறவர்கள் திரும்பிக்கொள்ளுங்கள் என்று ஒரு பேச்சு பேசுவான். ஊர் ஊராக அதே பேச்சு, அதே சொற்கள். முதல் முறை நமக்கும் வியப்பாக இருக்கும். கடைசி முறை அவன் குரலில் ஒன்றுமே இருக்காது, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பான், நமக்குத் தொண்டை அடைக்கும். இத்தனைக்கும் இத்தாலியப் பதிப்பில் கேட்பது வேறொருவரின் பின்னணிக் குரல். குயினுடையது தோளும் கழுத்தும் அந்த மந்தமான கண்ணும் மட்டுமே. அதை அன்று பார்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் புரொஜக்டர் போடும் தம்பியும் நானும் அடக்கம். ஆயுள் சந்தா உறுப்பினர்களில் பலருக்கு அன்றைக்குத் திருமண வரவேற்பு இருந்ததாம், ஆளுக்கொரு திருமணம்.

'பரபாஸ்' படத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி அச்சடித்துக் கொடுத்தேன். ஏசுவைச் சிலுவையில் அறையும் காட்சியில் வானம் இருள்வது தந்திரக் காட்சி அல்ல, 1961 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தையே படமாக்கினார்கள் என்பது அதில் இரண்டாவது பத்தி. இடைவேளையில் அந்தத் தாளை மடித்து அதன்மேல் மசால்வடை வைத்துச் சாப்பிட்டார்கள். எண்ணெய் சரியாக இரண்டாவது பத்தியில் இறங்கியிருந்தது.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்குக் கூட்டம் நன்றாகவே தொடங்கியது. இடைவேளைக்குப் பிறகு நடந்ததை எழுதி யார் மனதையும் புண்படுத்த விரும்பவில்லை. 'சோர்பா தி கிரீக்' (1964) திரையிட்ட அன்று மட்டும் அரங்கு நிறைந்தது. இசையமைப்பாளர் தியோடராக்கிஸின் அந்த இசையை எல்லோரும் எங்கேயோ கேட்டிருக்கிறார்கள். கடற்கரை நடனத்தின்போது காலில் அடிபட்டு எலும்பு முறிந்திருந்ததால் துள்ள முடியாமல் காலை இழுத்து இழுத்து ஆடினேன் என்று குயின் பின்னாளில் சொன்னார். படத்துக்காக உருவான அந்த 'சிர்த்தாகி'யை இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் கிரேக்கத்தின் பழம்பெரும் நடனம் என்று நினைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். மெக்சிகோவில் பிறந்தவரை அசல் கிரேக்கராகவே உலகம் ஏற்றுக்கொண்டது.

கடைசியாக 'லயன் ஆஃப் தி டெசர்ட்' (1981). லிபியாவை ஆக்கிரமித்த இத்தாலியர்களோடு போரிட்டு 1931இல் தூக்கிலிடப்பட்ட ஒமர் முக்தாராக குயின். இத்தாலி பல காலம் தடைசெய்து வைத்திருந்த படம். கேள்விப்பட்டு வெளியிலிருந்து இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவரும் உறுப்பினர் இல்லை, ஒருவரும் பாதியில் எழவில்லை. நுழைவு உறுப்பினர்களுக்கு மட்டும் என்ற விதியை அன்று நான் மீறியதாக எழுத்துமூலம் ஒரு புகார் வந்திருக்கிறது. புகார் கொடுத்தவர் அன்று வந்திருந்தால் அவருக்கும் நாற்காலி கிடைத்திருக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துவந்திருக்கின்றன. விழுந்த துண்டைச் சென்ற ஆண்டின் இருப்பிலிருந்து ஈடுகட்டினோம், அந்த இருப்பு இப்போது பெரிதாக இல்லை. குயின் வரிசையால்தான் பணம் கரைந்தது என்ற பேச்சில் உண்மையில்லை. அரங்க வாடகை யார் படத்தைப் போட்டாலும் அதேதான். சந்தா நிலுவைதான் கரைத்தது. பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கட்டவில்லை, சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. பெயர்ப் பட்டியலை வாசிக்கலாமா என்று தலைவரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார், அதனால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில்தான் இருக்கிறது. நூலகத்திலிருந்து எடுத்துப்போன டிவிடிகளும் பல திரும்பவில்லை.

அரங்கம் தந்து உதவிய நிர்வாகத்தினர், ஒலி ஒளி பார்த்துக்கொண்ட தம்பிகள், அச்சகத்தார், தேநீர் வழங்கியவர்கள், ஆலோசனைகளை மட்டும் தாராளமாக வழங்கிய மூத்தோர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து ஹாலிவுட் போன இரண்டு நடிகைகள்: மௌனப் பட நாளிலேயே நட்சத்திரமாகி, 1940களில் ஊர் திரும்பி 'மரியா கந்தேலாரியா'வில் நடித்த டொலோரஸ் தெல் ரியோ, 'ஹை நூன்' படத்தில் பார்வையாலேயே மனதில் நின்ற காத்தி ஹுராதோ. குறிப்புகள்கூட எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனால் வேறு யாருக்காவது செயலாளர் பொறுப்பில் ஆர்வம் இருந்தால் பீரோ சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார். நான் இந்த நாற்காலியை ஒட்டிக்கொண்டிருப்பவன் அல்ல. யாரும் முன்வராவிட்டால், உறுப்பினர்கள் விருப்பம் அதுதான் என்று எடுத்துக்கொள்வேன். அந்த விருப்பத்தைச் சந்தாவாகவும் காட்டினால் புரொஜக்டர் பல்பை மாற்றிவிடலாம், இப்போதுள்ளது இன்னும் சில படங்கள்தான் தாங்கும். ரசீது புத்தகத்தோடு பொருளாளர் வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். டிபனும் அந்தப் பக்கம்தான்.

இங்ஙனம்,
செயலாளர்